வீட்டில் நில அதிர்வுமானி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

படுக்கை ஊசல் வகை நில அதிர்வுமானி செய்பவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் கொடுத்த அளவுகளை வைத்தே பேசுவதால் மேலிருந்து படிப்பது நல்லது. கேள்விகளில் பாதி எலக்ட்ரானிக்ஸ் பற்றியவை. ஆனால் செய்து முடித்தும் ஒன்றும் பதியாமல் கிடக்கும் கருவிகளில் கோளாறு பெரும்பாலும் ஊன்றுமுனையில், அதாவது ஊசலின் தண்டு தூணில் ஊன்றித் திரும்பும் இடத்தில் இருக்கும், அல்லது மட்டத்தில், அல்லது மேலே கவிழ்த்த பெட்டியில்.

வீட்டுல செஞ்ச கருவியில எந்த அளவு நிலநடுக்கம் பதியும்?

20 வினாடி அலைவு நேரத்துக்கு (ஊசல் ஒரு தடவை போய்த் திரும்ப ஆகும் நேரம்) சரிசெய்த கருவி, சந்தடி இல்லாத இடத்தில், உலகின் எந்த மூலையிலும் 6.5-க்கு மேல் வரும் நிலநடுக்கத்தைப் பொதுவாகக் காட்டும். அந்தமான், சுமத்ரா, இமயமலை போல 2,000 முதல் 3,000 கி.மீ.க்குள் என்றால் 5.5 அளவிலேயே தெரியத் தொடங்கும். மிக ஆழத்தில் நடப்பவை மட்டும் விதிவிலக்கு. அவை மேற்பரப்பு அலைகளை அதிகம் எழுப்புவதில்லை, இந்தக் கருவிக்கோ அந்த அலைகள்தான் தீனி.

பக்கத்து மாவட்டத்தில் வரும் 2.5 அளவு நடுக்கத்தைப் பிடிக்க நினைத்தால் இது வேண்டாம். அந்த அதிர்வு நொடிக்குப் பல தடவை துடிப்பது. அதற்கு 4.5 ஹெர்ட்ஸ் ஜியோஃபோன் (வேகமான அதிர்வைப் பிடிக்கும் ஆயத்த சென்சார்) வாங்கினால் போதும், எதையும் சரிசெய்யும் வேலையே இல்லை.

ஃபோன்லயே ஆக்சிலரோமீட்டர் இருக்கே. இல்லன்னா சின்ன சென்சார் போர்டு ஒண்ணு வாங்கினா போதாதா?

வீடு குலுங்கும் அளவுக்கு நடுங்கினால் போதும். தொலைதூர நடுக்கத்துக்குப் போதாது. 20 வினாடிக்கு ஒரு தடவை தரை 1 மி.மீ. முன்னும் பின்னும் நகர்கிறது என்று வையுங்கள். தொலைவிலிருந்து வரும் அலைக்கு இது பெரிய நகர்வுதான். ஆனாலும் அதன் முடுக்கம் புவியீர்ப்பில் லட்சத்தில் ஒரு பங்கு. கடைகளில் கிடைக்கும் ஏடிஎக்ஸ்எல்345 சென்சாரின் ஒரு படி, அதாவது அது பிரித்துக் காட்டும் மிகச் சிறிய மாற்றம், 3.9 மில்லி-ஜி (புவியீர்ப்பில் ஆயிரத்தில் 3.9 பங்கு); அந்த முடுக்கத்தைப் போலச் சுமார் 400 மடங்கு. வீட்டில் யாருக்கும் தெரியாமல் தரை நகர்ந்து திரும்பும், சென்சாருக்கும் தெரியாது.

நூல்ல ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டா ஊசல் தானே? எதுக்கு இந்தப் படுக்கை ஏற்பாடு?

தரை 20 வினாடிக்கு ஒரு தரம் மெல்ல நகரும்போது குண்டு கூடவே போகாமல் பின்தங்கி நிற்க வேண்டும். அதற்கு ஊசலின் அலைவு நேரமும் ஏறக்குறைய அவ்வளவு இருக்க வேண்டும். ஒரு மீட்டர் நூலில் தொங்கும் ஊசலுக்கு அது 2 வினாடி. 20 வினாடி வேண்டுமென்றால் நூல் 99 மீட்டர் நீளம் இருக்க வேண்டும்.

கேட்டை நினைத்துப் பாருங்கள். கீல் தூண் செங்குத்தாக இருந்தால் கேட் விட்ட இடத்தில் நிற்கும். தூண் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தால், எங்கே விட்டாலும் மெல்லத் திரும்பி ஒரே இடத்துக்கு வரும். சாய்வு குறையக் குறைய இன்னும் மெல்ல வரும். இந்தக் கேட்தான் படுக்கை ஊசல்: கேட்டுக்குப் பதிலாக, நுனிப்பக்கம் எடை தாங்கிய ஒரு கிடைமட்டத் தண்டு. 1889 ஏப்ரல் 17 அன்று ஜெர்மனியின் போட்ஸ்டாமில் எர்ன்ஸ்ட் ஃபான் ரெபயூர்-பாஷ்விட்ஸ் ஜப்பானில் நடந்த நிலநடுக்கத்தைப் பதிந்தார். தொலைதூர நடுக்கம் ஒன்று கருவியில் பதிந்தது என்று அடையாளம் காணப்பட்டது அதுவே முதல் முறை. அவருடைய கருவியும் இந்த வகைதான். வீட்டில் செய்யும் வடிவம் 1979-க்குப் பிறகு 'லீமன் வகை' என்ற பெயரில் பரவியது.

என்னென்ன வாங்கணும்? அளவோட சொல்லுங்க.

அடித்தளத்துக்கு 20 மி.மீ. தடிப்பில் கடப்பாக் கல்லோ கிரானைட்டோ, 850க்கு 350 மி.மீ. சமையல் மேடை வேலை செய்யும் கடைகளில் வெட்டுத் துண்டாகவே கிடைக்கும். அதன் மேல் 40 மி.மீ. சதுர இரும்புக் குழாயில் 450 மி.மீ. உயரத் தூண். அடியில் 8 மி.மீ. பிளேட் பற்றவைத்துக் கல்லில் போல்ட்டு போட்டு இறுக்க வேண்டும். கால்கள் மூன்று எம்6 போல்ட்டுகள்: தூணுக்கு நேர் கீழே பின்பக்கம் இரண்டு, இடைவெளி 300 மி.மீ.; முன்பக்கம் ஒன்று, பின் கால்களின் கோட்டிலிருந்து 600 மி.மீ. கல்லில் துளையிட்டு, நட்டுகளை அரால்டைட்டால் ஒட்டிவிடுங்கள். துளையிடும்போது ட்ரில்லின் சுத்தியல் இயக்கத்தை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் கல் பிளந்துவிடும்.

தண்டுக்கு 12 மி.மீ. அலுமினியக் குழாய், 700 மி.மீ. நீளம். ஊன்றுமுனையிலிருந்து 600 மி.மீ. தள்ளி 1 கிலோ எடை. எடை பித்தளை அல்லது ஈயமாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் எடைக்கல் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. பக்கத்திலேயே வலுவான காந்தங்கள் இருக்கப்போவதால் இரும்பு ஆகாது. தூணின் உச்சியிலிருந்து எடைக்கு இழுத்துக் கட்ட 0.3 மி.மீ. உருக்குக் கம்பி: வீணைக் கம்பி, கிட்டாரின் மெல்லிய கம்பி இரண்டும் நன்றாக நிற்கும். அதில் விழும் இழுவை 2 கிலோவுக்குள்தான். சைக்கிள் பிரேக் கம்பி வேண்டாம். அது பல இழை முறுக்கியது. இழைகள் ஒன்றோடொன்று உராய்ந்து ஊசலின் ஓய்வு நிலையை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். கம்பியின் நீளத்தை மாற்ற நடுவில் ஒரு சின்ன டர்ன்பக்கிள் (திருகினால் நீளம் மாறும் இணைப்பு) வையுங்கள்.

கல்லுக்குப் பதிலா பிளைவுட் இருக்கு. அதுல செஞ்சா என்ன?

ஓடும். ஆனால் ஐப்பசி மழையில் ஒரு வடிவம், சித்திரை வெயிலில் ஒரு வடிவம் எடுக்கும். அடித்தளம் 0.1 மி.மீ. வளைந்தாலும் என்ன ஆகும் என்பதைக் கீழே 'தண்டு ஒரு பக்கமாகப் போய்' என்ற கேள்வியில் பாருங்கள்.

தண்டு திரும்புற இடத்துல ஒரு பால்பேரிங் போட்டா வழவழன்னு திரும்புமே?

கைக்கு வழவழப்பாகத்தான் இருக்கும். ஆனால் நாம் அளக்கப்போவது ஆயிரத்தில் சில பங்கு மில்லிமீட்டர். அந்த அளவில் பேரிங்கில் உள்ள கிரீஸ் பசை போல ஒட்டும், சிறிய அலைகள் பதியவே பதியாது. கதவுக் கீலும் அப்படித்தான்.

6 மி.மீ. பால்ரஸ் குண்டு ஒன்றைத் தண்டின் வேர்முனையில் அரால்டைட்டால் பதியுங்கள். அது தூணில் செங்குத்தாக நிற்கும் ஒரு கடினமான, பளபளப்பான தட்டை முகத்தை அழுத்திக்கொண்டு நிற்கட்டும். பழைய பால்பேரிங்கின் வெளி வளையத்தை எடுத்து அதன் பக்கவாட்டு முகத்தைத் தூணில் ஒட்டினால் அந்தத் தட்டை முகம் கிடைத்துவிடும். அது பதப்படுத்திச் சாணை பிடித்த உருக்கு. எடையின் இழுவையே குண்டைச் சுமார் ஒன்றரைக் கிலோ விசையோடு அழுத்தி வைப்பதால் அது கீழே வழுக்காது. சாதாரண போல்ட்டுத் தலையை வைத்தால் சில மாதத்தில் குழி விழும். எண்ணெய், கிரீஸ் எதுவும் போடாதீர்கள்.

முதல்ல எதை மாட்டுறது, எப்படி மட்டம் பார்க்கிறது?

கல்லை அதன் நிரந்தர இடத்தில் வைத்து, கால்களுக்கு அடியில் தடித்த கண்ணாடித் துண்டோ நாணயமோ கொடுங்கள். ரசமட்டத்தால் இரு திசையிலும் மட்டம் பாருங்கள். பிறகு கம்பி தொடங்கும் மேல்புள்ளியிலிருந்து தூக்குக்குண்டு விடுங்கள். நூல் ஊன்றுமுனையைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். மேல்புள்ளியையும் ஊன்றுமுனையையும் இணைக்கும் கோடுதான் ஊசலின் அச்சு, தூண் நேராக இருப்பது அதற்கு அப்புறம்தான். அடுத்து தண்டை மாட்டி, டர்ன்பக்கிளால் தண்டைக் கிடைமட்டமாக்குங்கள். கம்பி எடையின் நடுவிலேயே கட்டப்பட்டிருக்க வேண்டும்.

இப்போது முன் காலைச் சில சுற்று இறக்குங்கள். மேல்புள்ளி எடை இருக்கும் பக்கமாகக் கொஞ்சம் சாயும், தண்டு நடுவில் நிற்கத் தொடங்கும். காயில், காந்தம் எதையும் இன்னும் மாட்ட வேண்டாம். வெறும் ஊசலாக ஒழுங்காக ஆடாத கருவி, எல்லாவற்றையும் மாட்டிய பிறகு ஒழுங்காகிவிடாது.

அலைவு நேரத்தை 20 வினாடிக்கு எப்படிக் கொண்டு வர்றது?

தண்டை 5 மி.மீ. ஒதுக்கி விட்டு ஐந்து முழு அலைவுக்கு நேரம் பாருங்கள், ஐந்தால் வகுங்கள். மேலே சொன்ன அளவுகளில் முன் கால் சரியான மட்டத்தைவிட 14.5 மி.மீ. இறங்கியிருந்தால் 10 வினாடி வரும். 6.4 மி.மீ. என்றால் 15, 3.6 மி.மீ. என்றால் 20, 1.6 மி.மீ. என்றால் 30. எம்6 போல்ட்டு ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. ஏறும். ஆகவே 10-லிருந்து 15-க்கு வர எட்டுச் சுற்று. 15-லிருந்து 20-க்கு மூன்றுக்கும் குறைவு. போகப் போகக் கால் சுற்று, அரைக்கால் சுற்றாக ஏற்றுங்கள், ஒவ்வொரு முறையும் நேரம் பாருங்கள்.

20 வந்ததும் ஒரு சோதனை: 10 மி.மீ. ஒதுக்கி விட்டு ஒரு தடவை, 2 மி.மீ. ஒதுக்கி விட்டு ஒரு தடவை அளங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். சிறிய ஆட்டத்தில் நேரம் மாறினாலோ, இரண்டே அலைவில் தண்டு செத்து நின்றாலோ ஊன்றுமுனையில் உராய்வு. குண்டையும் முகத்தையும் ஸ்பிரிட்டால் துடைத்து மீண்டும் பாருங்கள்.

தண்டு ஒரு பக்கமாகப் போய் ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேங்குது.

இதற்கு இரண்டு காரணம் உண்டு. முதலாவது, முன் காலை அளவுக்கு மீறி ஏற்றிவிட்டீர்கள். அச்சு பின்பக்கம் சாய்ந்துவிட்டால் நடுவில் நிற்க இடமே இல்லை, இடமோ வலமோ விழுந்துவிடும். தண்டை ஒரு தடவை இடப்பக்கமும் ஒரு தடவை வலப்பக்கமும் தள்ளிப் பாருங்கள். தள்ளிய பக்கமெல்லாம் போய் ஒட்டினால் இதுதான். முன் காலை இரண்டு சுற்று இறக்குங்கள்.

எப்போதும் ஒரே பக்கம்தான் போகிறது என்றால் பக்கவாட்டு மட்டம் தவறு. 20 வினாடியில் இந்த ஊசல் பக்கச் சாய்வை அப்பட்டமாகப் பெருக்கிக் காட்டும். பின் கால் ஒன்றை பத்தில் ஒரு சுற்று, அதாவது 0.1 மி.மீ., திருகினால் எடை 33 மி.மீ. ஒதுங்கும். அதனால் ஒன்றை ஏற்றும்போது மற்றதை அதே அளவு இறக்குங்கள், அப்போதுதான் அலைவு நேரம் கலையாது. போல்ட்டுத் தலையில் ஒரு சாண் நீளக் கம்பியைக் கட்டினால் சிறு திருகல் கைக்கு வசப்படும். திருகியதும் தள்ளிப் போய் ஐந்து நிமிடம் காத்திருந்து பாருங்கள். பக்கத்தில் குனிந்து நின்றால் உங்கள் உடல் எடையே தரையைச் சாய்த்துவிடும்.

அப்போ 30 வினாடிக்குப் போனா இன்னும் நல்லாப் பதியுமா?

கணக்குப்படி ஆமாம். நடைமுறையில் வாரக்கணக்கில் நிற்காது. சாய்வுக்குக் காட்டும் எதிர்வினை அலைவு நேரத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 30-ல் அது 20-ல் உள்ளதைப் போல 2.25 மடங்கு. ஒரு மழை பெய்து களிமண் ஊறினால் தண்டு தடுப்பில் போய் முட்டும். முதல் வருடம் 15, பழகிய பிறகு 20: அதுவே போதும்.

டேம்பிங் எதுக்கு? எவ்வளவு வேணும்?

தணிப்பு இல்லாவிட்டால் ஒரு தடவை தட்டிய ஊசல் கால் மணி நேரம் ஆடும். அதற்கு மேல் வரும் நிலநடுக்க அலை எது, சொந்த ஆட்டம் எது என்று பிரிக்க முடியாது. 3 மி.மீ. தடிப்பில் 60க்கு 80 மி.மீ. செம்புத் தகடு ஒன்றைத் தண்டில் கிடைமட்டமாகப் பொருத்துங்கள். 25 மி.மீ. விட்டமுள்ள நான்கு நியோடிமியக் காந்தங்களை ஒரு இரும்புக் கவ்வியில் மேலே இரண்டு, கீழே இரண்டாக 8 மி.மீ. இடைவெளியோடு வைத்து, தகடு அவற்றின் நடுவே தொடாமல் நகரும்படி செய்யுங்கள். பக்கத்துப் பக்கத்துக் காந்தங்களின் முனைகள் எதிரெதிராக இருக்க வேண்டும். விரல்கள் பத்திரம். இந்தக் காந்தங்கள் ஒன்றையொன்று கவ்வும்போது நகம் போய்விடும்.

எடையை 10 மி.மீ. ஒதுக்கி விடுங்கள். அது திரும்பி வந்து நடுக்கோட்டை அரை மில்லிமீட்டர் மட்டும் தாண்டி, அப்படியே நின்றுவிட வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் தாண்டினால் கவ்வியை உள்ளே தள்ளுங்கள். தாண்டாமலே நத்தை போல வந்தால் வெளியே இழுங்கள். அலைவு நேரத்தை மாற்றினால் இதையும் மறுபடி பார்க்க வேண்டும்.

எண்ணெய்க் கிண்ணத்துல ஒரு தகட்டை முக்கி விடலாம்னு படிச்சேன்.

அந்தக் காலத்து முறை. வெயில் ஏற எண்ணெய் இளகித் தணிப்பு மாறும், தூசி படியும், கரப்பான் விழும். காந்தம் கிடைக்கும்போது இதற்குத் தேவையில்லை.

காயில் எத்தனை சுத்து சுத்தணும்? எந்தக் கம்பி?

ஊசலின் அசைவை மின்னழுத்தமாக மாற்றுவது காயில்தான்: காந்தங்களுக்கு நடுவே அது நகரும்போது அதில் மின்னழுத்தம் எழும். 40 கேஜ் எனாமல் செம்புக் கம்பியில் 5,000 சுற்று, தட்டையான நீள்வட்டமாக, 8 மி.மீ. தடிப்புக்குள். ஒரு சுற்று சராசரி 12 செ.மீ. என்றால் கம்பி 600 மீட்டர், எடை 65 கிராம் அளவில், மின்தடை சுமார் 900 ஓம். 100 கிராம் உருளை ஒன்று போதும். எண்ணுவதற்கு ஒரு வழி: சுழலும் அச்சில் சிறு காந்தம் ஒட்டி, பழைய கால்குலேட்டரின் சமக்குறி விசைக்கு ரீட் ஸ்விட்ச் (காந்தம் நெருங்கினால் மூடிக்கொள்ளும் ஸ்விட்ச்) ஒன்றைக் குறுக்கே இணைத்து, '1+1' அடித்து வைத்தால் சுற்றுக்கு ஒன்றாக ஏறிக்கொண்டே போகும்.

காயில் தண்டின் நுனியில், காந்தங்கள் அடித்தளத்தில். மாற்றி வைக்காதீர்கள். தண்டில் காந்தம் இருந்தால் பக்கத்தில் பைக்கை நிறுத்தினாலும் அது இழுபடும். காயிலின் ஒரு கை ஒரு காந்த ஜோடிக்கு நடுவிலும், மறு கை முனைகள் மாற்றி வைத்த இன்னொரு ஜோடிக்கு நடுவிலும் இருந்தால் இரண்டிலும் எழும் மின்னழுத்தம் கூடும். காயிலிலிருந்து வெளியே வரும் கம்பியும் அதே 40 கேஜாக இருக்கட்டும். ஊன்றுமுனைக்குப் பக்கத்தில் தளர்வாக ஒரு வளையம் விட்டு இறக்குங்கள். தடித்த வயர் போட்டால் அதுவே ஸ்பிரிங்காகித் தண்டைப் பிடித்துக்கொள்ளும்.

கையில எல்எம்358 இருக்கு. அதுலயே ஆம்ப்ளிஃபயர் கட்டிடலாமா?

முடியாது. காயிலில் எழுவது மைக்ரோவோல்ட். அதை 500 மடங்கு பெருக்க வேண்டும். எல்எம்358-ன் உள்ளீட்டுப் பிழை சில மில்லிவோல்ட். அதுவும் கூடவே 500 மடங்காகி வோல்ட் கணக்கில் வந்து நிற்கும், வெப்பத்தோடு நகரவும் செய்யும். ஓபி07 என்ற ஆப்-ஆம்ப் சிப்பில் இந்தப் பிழை 0.15 மில்லிவோல்ட்டுக்குள்.

ஓபி07-க்கு கூட்டல் 5, கழித்தல் 5 வோல்ட் கொடுங்கள். காயில் நேராகக் கூட்டல் உள்ளீட்டில். பின்னூட்டத்தில் 470 கிலோ ஓம், அதற்கு இணையாக 0.068 மைக்ரோஃபாரட், கழித்தல் உள்ளீட்டிலிருந்து தரைக்கு 1 கிலோ ஓம். பெருக்கம் 471, 5 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளவை குறைந்துவிடும். வெளியீட்டிலிருந்து ஒரு 10 கிலோ ஓம், 5 வோல்ட்டிலிருந்து இன்னொரு 10 கிலோ ஓம், இரண்டும் சேரும் இடத்தில் தரைக்கு 4.7 மைக்ரோஃபாரட். அங்கே ஓய்வில் 2.5 வோல்ட் இருக்கும், சிக்னல் பாதியாகும், மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இரு வடிகட்டிகளிலும் சேர்த்து 70 மடங்குக்கு மேல் அடங்கும்.

ஆர்டுயினோவோட அனலாக் பின்ல நேரா கொடுத்தா என்ன?

ஊனோவில் ஒரு படி 4.9 மில்லிவோல்ட். பெரிய நடுக்கம் தெரியும், சிறியவை படிக்கட்டாகத் தெரியும். மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிஎஸ்1115 என்ற 16 பிட் போர்டை இடையில் வையுங்கள். சிக்னலை ஒரு உள்ளீட்டிலும், இரண்டு 10 கிலோ ஓமால் பிரித்த 2.5 வோல்ட்டை இன்னொன்றிலும் கொடுத்து, வித்தியாசத்தை 2.048 வோல்ட் எல்லையில் அளந்தால் ஒரு படி 62.5 மைக்ரோவோல்ட். போர்டை நொடிக்கு 128 அளவீடு வேகத்தில் ஓட்டி, ஆறாறாகச் சராசரி எடுத்து நொடிக்கு 20 எண்ணாகக் கணினிக்கு அனுப்புங்கள்.

நேரத்தைக் கணினியே குறிக்கட்டும், கணினி இணையத்தோடு கடிகாரத்தை ஒத்திசைக்கட்டும். ஊனோவின் உள்கடிகாரம் 0.1 சதவீதம் பிசகினாலும் ஒரு நாளில் 86 வினாடி. அப்படிப்பட்ட பதிவில் எந்த நடுக்கம் எது என்று பொருத்த முடியாது.

மொட்டை மாடி அறை காலியா இருக்கு. அங்கே வைக்கலாமா? தண்டு எந்தத் திசை?

தரைத்தளம் மட்டும்தான். மாடி காற்றில் ஆடும். மேல்நிலைத் தொட்டியில் 1,000 லிட்டர் ஏறினால் கட்டடத்தின் மேல் ஒரு டன் ஏறியதாகக் கணக்கு. அது கோட்டில் தெரியும். ஆள் நடமாட்டம் குறைந்த மூலை, நேரடியாக மண்ணில் அமர்ந்த தரை, பக்கத்தில் பெரிய மரமோ பம்ப்செட்டோ இல்லாத இடம். ரயில், பஸ் எழுப்பும் அதிர்வு பெரும்பாலும் 5 ஹெர்ட்ஸுக்கு மேல், வடிகட்டி பார்த்துக்கொள்ளும்.

தமிழ்நாட்டில் ஒரே ஒரு கருவி வைப்பதென்றால் தண்டு வடக்கு-தெற்காக இருக்கட்டும். அப்போது கிழக்கு-மேற்கு அசைவு பதியும். அந்தமான்-சுமத்ரா கிழக்கே இருப்பதால் அங்கிருந்து வரும் ராலே அலை (மேற்பரப்பு அலையில் ஒரு வகை) தரையை அந்தத் திசையில்தான் முன்பின்னாகத் தள்ளும். இமயமலையும் இந்துகுஷ்ஷும் வடக்கே; அங்கிருந்து வரும் லவ் அலை (மேற்பரப்பு அலையில் இன்னொரு வகை) பயணத்துக்குக் குறுக்கே, அதாவது மறுபடியும் கிழக்கு-மேற்காகத்தான் ஆட்டும்.

எந்நேரமும் 5, 6 வினாடிக்கு ஒரு தரம் அலை அலையா வந்துக்கிட்டே இருக்கு. பழுதா?

கடல். எதிரெதிராக வரும் கடலலைகள் மோதும்போது அடிநிலத்தில் அழுத்தம் ஏறி இறங்குகிறது. அதன் அலைவு நேரம் கடலலையுடையதில் பாதி. 10, 12 வினாடி அலைக்கு 5, 6 வினாடி. வங்கக் கடலில் புயல் உருவானால் இந்தக் கோடு பருத்துவிடும், கரையைத் தொடும் முன்பே. இது தெரியாத கருவியைத்தான் சந்தேகிக்க வேண்டும். செலவில்லாமல் இருபத்து நாலு மணி நேரமும் கிடைக்கும் சோதனை சிக்னல் இதுதான்.

ராத்திரி சும்மா இருக்கும்போதும் கோடு மெதுவா மேலயும் கீழயும் அலையுது. சில சமயம் திடீர்னு குத்துது.

மெதுவான அலைச்சல் காற்று. பெட்டிக்குள் ஒரு பக்கம் சூடானால் காற்று சுழன்று தண்டைத் தள்ளும். 50 மி.மீ. தெர்மகோலில் மூடி செய்து, தரையோடு சேரும் விளிம்பில் நுரைப்பட்டை ஒட்டி, ஜன்னல் வெயில் படாமல் பாருங்கள். ஆம்ப்ளிஃபயர் பெட்டியை உள்ளே அடியில் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் மூடியின் உச்சியில். மேலே சூடு, கீழே குளிர் என்று இருந்தால் காற்று அசையாமல் அடுக்காக நிற்கும்.

திடீர்க் குத்து என்றால் டார்ச் எடுத்துக்கொண்டு மூடியைத் திறந்து பாருங்கள். காந்த இடுக்கில் இரும்புத் துகள் ஒன்று, தகட்டுக்கும் கவ்விக்கும் நடுவே சிலந்தி இழை ஒன்று, தூணில் ஒரு பல்லி: இவை மூன்றும்தான் வழக்கமான குற்றவாளிகள். இடுக்கைச் செலோடேப்பால் ஒற்றி எடுத்தால் துகள் வந்துவிடும். விளிம்பின் சந்துகளை அடைத்தால் மற்ற இரண்டும் வராது.

பதிவானது நிலநடுக்கம்தான்னு எப்படித் தெரியும்? தூரம் கண்டுபிடிக்க முடியுமா?

முதலில் சிறு துடிப்பாக பி அலை (பூமிக்குள் வேகமாக வரும் அழுத்த அலை), சில நிமிடம் கழித்துப் பெரிதாக எஸ் அலை (அதைவிட மெதுவான குறுக்கலை), பிறகு மெதுவான பெரிய மேற்பரப்பு அலைகள். இந்தக் கடைசி அலைகளில் ஒரு முத்திரை உண்டு: முதலில் வருபவை 25, 30 வினாடி அலைகள், போகப் போக 15 வினாடிக்கு நெருங்கும். லாரியோ கதவோ இப்படிச் செய்யாது.

எஸ், பி இரண்டுக்கும் இடைவெளி 5 நிமிடம் என்றால் சுமார் 3,300 கி.மீ., 8 நிமிடம் என்றால் 6,700 கி.மீ., 10¾ நிமிடம் என்றால் 10,000 கி.மீ. உதாரணமாக 2004 டிசம்பர் 26, இந்திய நேரம் காலை 6:28:53-க்குத் தொடங்கிய 9.1 அளவு நடுக்கத்தின் மையம் சென்னையிலிருந்து சுமார் 2,050 கி.மீ. பி அலை வர நாலேகால் நிமிடம், மேற்பரப்பு அலைகள் வர ஒன்பது, பத்து நிமிடம். சுனாமி வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல்.

அப்படின்னா இது முன்கூட்டியே எச்சரிக்குமா?

இல்லை. நடந்ததைத்தான் சொல்லும். சுனாமி வருமா என்பதையும் ஒற்றைக் கருவியின் கோட்டை வைத்துச் சொல்ல முடியாது.

எண்ணைத் தரையோட வேகமா மாத்துறது எப்படி?

காயிலின் உணர்திறனை அளக்க வேண்டும். 470 கிலோ ஓமைத் தற்காலிகமாக 10 கிலோ ஓமாக மாற்றுங்கள். பெருக்கம் 11, வெளியே பாதியாகி 5.5. இல்லாவிட்டால் ஆம்ப்ளிஃபயர் முட்டிக்கொள்ளும். எடைக்கு இருபுறமும் தடுப்பு வைத்துச் சரியாக 5 மி.மீ. நகர விடுங்கள். ஒரு தடுப்பிலிருந்து மறு தடுப்புக்கு இரண்டு, மூன்று வினாடியில் தள்ளி, அப்போது வந்த எண்களை எல்லாம், ஓய்வு எண்ணைக் கழித்துவிட்டு, கூட்டுங்கள். கூட்டலை 0.05 வினாடியாலும் 62.5 மைக்ரோவோல்ட்டாலும் பெருக்கி, 5.5 ஆலும் 0.005 மீட்டராலும் வகுத்தால் மீட்டர்/வினாடிக்கு எத்தனை வோல்ட் என்று வரும். கூட்டல் 2,64,000 என்றால் விடை 30. வேகமாகத் தள்ளினாலும் மெதுவாகத் தள்ளினாலும் கூட்டல் மாறக் கூடாது. மாறினால் எங்கோ முட்டுகிறது.

30 என்று வைத்து, பழைய 470 கிலோ ஓமைத் திரும்பப் போட்டால், தரை வினாடிக்கு 0.25 மி.மீ. வேகத்தில் நகரும்போது கோட்டின் தலை வெட்டுப்படும். 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ராவுக்கு மேற்கே வந்த 8.6 போன்றவற்றில் அது நடக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம், அல்லது பெருக்கம் குறைந்த இரண்டாவது சானல் ஒன்று சேர்க்கலாம்.

அளவு எத்தனைன்னு நாமே கணக்குப் போடலாமா?

மேற்பரப்பு அலை அளவு வரும். 20 வினாடி அலையின் வீச்சை மைக்ரோமீட்டரில் எடுத்து அலைவு நேரத்தால் வகுத்து 10 அடிமான மடக்கை காணுங்கள். அதோடு, பாகையில் உள்ள தூரத்தின் மடக்கையை 1.66 ஆல் பெருக்கிச் சேர்த்து, 3.3 கூட்டுங்கள். 45 பாகை தூரத்தில் (5,000 கி.மீ.) 100 மைக்ரோமீட்டர் வீச்சு என்றால் 6.7. அந்த அலை தரையில் வினாடிக்கு 31 மைக்ரோமீட்டர் வேகம். நம் கருவியில் 3,500 படி வர வேண்டியது சுமார் 2,500 தான் வரும். 20 வினாடி ஊசல் தன் சொந்த அலைவு நேரத்திலேயே வரும் அலையை, நாம் வைத்த தணிப்பில், 70 சதவீதம்தான் காட்டும். இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டு அளவு 0.15 குறைகிறதே என்று கேட்பவர்கள் பலர். அலை தண்டின் நீளவாக்கில் ஆட்டினால் இன்னும் குறைவாகவே வரும், அதற்கு இரண்டாவது கருவி வேண்டும்.

காயிலுக்குக் குறுக்கே ரெசிஸ்டர் போட்டாலே டேம்பிங் வந்துடுமாமே? செம்புத் தகடே வேண்டாமா?

வரும். காயிலின் உணர்திறனை வர்க்கப்படுத்தி, காயிலும் ரெசிஸ்டரும் சேர்ந்த மொத்த மின்தடையால் வகுத்தால் தணிப்பு விசையின் அளவு கிடைக்கும். 1 கிலோ எடை, 20 வினாடி, 0.7 தணிப்பு (மேலே 10 மி.மீ.க்கு அரை மில்லிமீட்டர் தாண்டும்படி வைத்தோமே, அந்த அளவு) என்றால் தேவை 0.44 நியூட்டன் வினாடி/மீட்டர். 30-ன் வர்க்கம் 900, மொத்த மின்தடை சுமார் 2,050 ஓம், காயில் 900 போக ரெசிஸ்டர் 1,150 ஓம். தகடும் நான்கு காந்தங்களும் மிச்சம்.

ஆனால் அதே ரெசிஸ்டர் சிக்னலையும் 56 சதவீதமாகக் குறைக்கும். தவிர, சோதனைக்காகக் காயிலைக் கழற்றிய நொடியே தணிப்பும் போய் ஊசல் ஆடத் தொடங்கும். தகடு வைத்தவர்களும் இந்த விளைவைத் தற்செயலாகச் சந்திப்பதுண்டு: உள்ளீட்டு மின்தடை 1 கிலோ ஓமாக உள்ள தலைகீழ்ப் பெருக்கியைக் காயிலில் நேராக இணைத்துவிட்டு, அழகாகச் சரிசெய்த தணிப்பு ஏன் திடீரென்று நத்தையாகிவிட்டது என்று கவ்வியைப் போட்டு இழுத்துக்கொண்டிருப்பார்கள்.